லிப்டுக்குள் ஒரு மேடை

நான்காம் தளத்துக்கும் ஐந்தாம் தளத்துக்கும் நடுவே லிப்டை நிறுத்திவிட்டு, மெக்கானிக் இடது புருவத்தை உயர்த்துகிறார். பின்சுவர்க் கண்ணாடியில் அது திருப்திகரமாக உயரவில்லை, மறுபடியும் உயர்த்துகிறார். கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவர் இப்போது மைக். கீழே காய்கறிப் பைகளோடு காத்திருக்கும் பெண்மணி பொத்தானை அழுத்தி ஓய்ந்துபோய், "என்னங்க, சரியாச்சா இல்லையா?" என்று கூவுகிறார்.

"டெஸ்டிங் நடக்குதும்மா!"

அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை.

லிப்ட் அவருக்குச் சோறு போடுகிறது; பாட்டு அவருக்கு உயிர். ஆனால் பாட்டைக் காட்டிலும் பெரிது, பாடுகிறவன் மேடையில் நிற்கிற தோரணை என்பது அவர் கொள்கை. "காதுக்கு மட்டும்னா வீட்லயே கேட்டுக்குவானே, எதுக்கு வண்டி புடிச்சு வர்றான்? கண்ணுக்கும் ஏதாச்சும் போடணும்ல?" அந்தக் கண்களுக்காகவே ஒரு பளபளக்கும் மேலங்கி வைத்திருக்கிறார். திரைச்சீலையில் மிஞ்சிய துணியில் அவர் மனைவி தைத்தது. "ஜன்னலை மறைக்க வாங்கினேன், இது மானத்தை மறைச்சா சரி" என்பது தைத்தவரின் வாழ்த்துரை.

குழுவில் இருவரே. பாட்டு எழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசிப்பதெல்லாம் மனைவியின் தம்பி. புருவம் முதலான மற்ற பொறுப்புகள் மெக்கானிக்கினுடையவை. பாடுவதெல்லாம் சொந்தப் பாட்டு மட்டுமே. "அடுத்தவன் பாட்டைப் பாடறது, அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போற மாதிரி."

சனிக்கிழமை மாலைகளில் இவர்கள் பாடும் காபிக் கடையின் வாடிக்கையாளர்களும் இதே கருத்தினர்தாம். "புதுசா பண்றவங்கள நாமதான் தூக்கிவிடணும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இரு கைகளும் கைப்பேசியில் இருப்பதால், தூக்கிவிடுவது மனத்தளவிலேயே நடந்து முடிந்துவிடும்.

சென்ற சனிக்கிழமை, பாட்டு தொடங்குமுன், கடைக்காரர் மெக்கானிக்கை ஓரமாக அழைத்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்குக் கடைசிப் பாட்டு முடியறப்ப ஒரு டேபிள்லயாவது ஆளு இருக்கணும். இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து ஊருக்குத் தெரிஞ்ச சினிமாப் பாட்டு. அது முடியாதுன்னா, வேற ஆள பாத்துக்கறேன்."

முதல் பாட்டிலேயே புருவம் உயர வேண்டிய இடத்தில் உயர்ந்தது. கைகள் விரிந்தன. இடுப்பு ஒரு சுற்றுச் சுழன்றது. அத்தனையும் மேடைக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கண்ணாடியை நோக்கி நிகழ்ந்தன. வருடக்கணக்காக லிப்டில் கதவுக்கு முதுகைக் காட்டியே பழகிய உடம்பு, தன் முகம் தெரிந்த திசையை அவையென்று முடிவு கட்டிவிட்டது. அவையோருக்கு வாய்த்தது முதுகும், அதில் பூத்திருந்த திரைச்சீலைப் பூக்களும்.

"மாமா, ஜனங்க அந்தப் பக்கம்!" என்று பல்லைக் கடித்தான் மைத்துனன்.

"தெரியும் மாப்ள. சஸ்பென்ஸ்!"

சஸ்பென்ஸ் உடைந்து அவர் திரும்பியபோது நாற்காலிகள் பாதி காலி. அடுத்தடுத்த பாட்டுகளில் மீதிப் பாதியும் கரைந்தது. கடைசிப் பாட்டு தொடங்கும்போது எஞ்சியிருந்தது ஒரே மேசை. அங்கிருந்த மூன்று இளைஞர்களும் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லாவிலிருந்து கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பாடியபடியே மேடையைவிட்டு இறங்கினார். மூவரையும் முந்திக்கொண்டு வாசலை அடைந்து, கதவை அகலத் திறந்து, அப்போதுதான் வருபவர்களை வரவேற்பதுபோல் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். இரு வரிகளுக்கு நடுவே, "வாங்க, வாங்க! இவ்ளோ லேட்டாவா வர்றது? உங்களுக்காகத்தான் இந்தப் பாட்டையே வெச்சிருந்தோம்!" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சிரித்தவன் என்ன நினைத்தானோ, வாசலை ஒட்டிக் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மற்ற இருவரும் பைகளை இறக்கினார்கள்.

மெக்கானிக் பாட்டின் அடுத்த அடியை எடுத்தார். தாளம் பிசகாமல், குதிகாலால் கதவைச் சாத்தினார்.