சங்கத் தலைவர் திருப்பித் தராத மழைக்கோட்டு

1. ஆனி 10: நம் ஏலத்தோட்டச் சங்கத்தின் ஸ்டோர் பொறுப்பாளர் சுருளிச்சாமி, மழைக்கோட்டின் சீமை விலையையும் கம்பம் விலையையும் ஒப்பிட்டு எழுதிக் கொடுத்த தாள் கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை.

2. ஆனி 24: சுருளிச்சாமி தம் கைப்பணத்தில் சீமையிலிருந்து தருவித்த மாதிரிக் கோட்டைச் சங்கத் தலைவர் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கொண்டுபோனார்.

3. ஆடி 6: மலைக்கு அரிசி சுமப்போருக்கு மழை மறைக்கச் சாக்கே போதும் என்று தீர்மானம்.

4. ஆடி 19: சுருளிச்சாமி இறந்தார்.

நான்காவதைச் சொல்ல அனுமந்தன்பட்டியிலிருந்து நடந்தே வந்தவன், அரிசி சுமக்கும் மாயாண்டி. "அய்யா, ஸ்டோர்க்காரக போயிட்டாக. நெஞ்சுல சளி கட்டிருச்சு." அப்போதிருந்து என்னால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. இதையும் நின்றபடியே எழுதுகிறேன்.

சுருளிச்சாமியை அறிந்தவர்களுக்கு அவருடைய பித்தளைச் செம்பையும் தெரியும். கம்பத்தில் தலைவரின் மைத்துனர் கடையில் விற்கும் கோட்டை விரித்து, மடிப்பில் செம்புத் தண்ணீரை ஊற்றி, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை காத்திருப்பார்.

"கோட்டு வாங்க வந்தீகளா, குளிப்பாட்ட வந்தீகளா?" என்றார் கடைக்காரர்.

"இங்கன ஒழுகுறது மலையில ஒழுகாமயா இருக்கும்?" என்றார் இவர். தையல் வழியே சொட்டிக்கொண்டிருந்தது.

சீமை விலைப்பட்டியலை அவருக்குப் படித்துச் சொன்னவன் நான். பன்னிரண்டு ஷில்லிங், நம் காசில் எட்டு ரூபாய். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து பதினொன்று. "கடல் தாண்டி வந்தது பதினொண்ணு, ஒழுகல. கடைத்தெருவத் தாண்டாதது இருவது, ஒழுகுது. இது எந்த ஊரு நியாயம் அய்யா?" என்றார்.

ஆடி 6 கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆதரித்துக் கை தூக்கவில்லை. எதிர்த்து வாய் திறக்கவும் இல்லை. மேலே உள்ள பட்டியலில் ஐந்தாவது குறை என்மேல்.

அடுத்த நடைக்கு அவரும் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சுமப்போருடன் கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறினார்.

"சீமைக் கோட்டு எங்கன போச்சு ஸ்டோர்க்காரரே?" என்று மாயாண்டி சீண்டியிருக்கிறான்.

"தலைவர் வீட்டு ஆணியில தொங்குதுடா. அவுக வீட்டுக்குள்ள மழை போல."

மெட்டு முழுக்கச் சிரிப்பாம். இரண்டு நாள் நனைந்து இறங்கியவர் காய்ச்சலோடு படுத்தார்; எழவில்லை.

சுடுகாட்டில் சாரல். தலைவர் அந்தக் கோட்டை அணிந்து நின்றார். அரை மணி நேரம் கவனித்தேன். அவர் சட்டையில் ஒரு துளி ஈரமில்லை. சுருளிச்சாமியின் தேர்வு சரிதான்.

அவர் மனைவி கொடுத்த செம்பு என் மேசையில் இருக்கிறது. "விலையக் கேட்டு நம்பாதீக, தண்ணிய ஊத்திப் பாருங்க" என்ற அவர் பேச்சும் என்னிடம் இருக்கிறது. இனி சங்கத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் அப்படித்தான் செய்வேன்.

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்: அந்தத் தாள் எங்கே? அந்தக் கோட்டு எந்த உரிமையில் உங்களிடம் இருக்கிறது? சுமப்போருக்கு ஒழுகாத கோட்டு என்றைக்கு? அனுதாபத் தீர்மானம் இவற்றுக்குப் பதிலாகாது. அவருடைய பதினாறாம் நாளன்று பகல் பன்னிரண்டு மணிக்குள், கையொப்பத்துடன், எழுத்தில் பதில் வேண்டும்.