இருபத்து மூன்று குச்சிகள்

பத்து வயதிலேயே வீட்டில் என்னைக் கிழவர் என்றுதான் கூப்பிட்டார்கள். படியேறினால் படிகளை எண்ணுவேன். பாரிசின் லா ஷப்பலில் மெத்ரோ ரயிலை விட்டு இறங்கினால் ரூ காய் என்ற தெரு முடியும்வரை எத்தனை புடவைக்கடை, எத்தனை மரக்கறிக்கடை என்று எண்ணுவேன். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் மூன்று தடவை கேட்பேன். இப்போது எனக்கு முப்பது வயது ஆகவில்லை; தலை நரைக்கவில்லை என்பதைத் தவிர மற்றபடி கிழவன்தான். நான் எண்ணியது ஒரே ஒரு முறை பிழையாகிப்போனது. அது பிழை என்று தெரிந்துகொள்ளப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

2011 கோடை விடுமுறையில் ஸ்பெயினுக்குப் போனோம். போவோம் என்று எல்லோரையும் கிளப்பியவர் மாமா, அம்மாவின் தம்பி. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு கடையில் தொலைபேசி அட்டை விற்றுக்கொண்டிருந்தார். அப்பா பாரிசில் ஓர் உணவகத்தில் பதின்மூன்று ஆண்டுகளாகக் கோப்பை கழுவுபவர். அம்மா, தங்கை, நான். ஆக ஐந்து பேர், யாரோ நண்பரிடம் மாமா இரவல் வாங்கிய ஒரு வான் வண்டி, மூன்று நாள்.

அந்நிய நாட்டில் காசை எப்படிக் காப்பது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. வங்கி அட்டையை வெளிநாட்டு மெஷின் விழுங்கிவிடும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே அட்டைகள் பாரிசிலேயே அலமாரியில் தங்கிவிட்டன. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடித உறை, அதற்குள் அந்த நாளுக்கான காசு. மாமாவின் கட்சி வேறு. கள்ளர் சின்னத் தாள்களைத்தான் தேடுவார்கள் என்று சொல்லி, தன்னுடைய பணம் முழுவதையும் ஒரே ஓர் இருநூறு யூரோத் தாளாக்கிக் காலுறைக்குள் வைத்திருந்தார். கள்ளர் மட்டுமல்ல, கடைக்காரரும் அதை எடுக்கவில்லை. எல்லோரும் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசி மாலை, சனிக்கிழமை, சான் செபஸ்தியான் என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். அம்மா கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் கத்தரிக்காய்க் குழம்பும் முடிந்துவிட்டன. வானுக்கு டீசல் அடித்தாயிற்று. கடைசி உறைக்குள் தொண்ணூறு யூரோ இருந்தது. எனக்கு அதில் ஒரு பெரிய காரியம் ஆகவேண்டியிருந்தது. துறைமுகத்தருகே மீன்காட்சிச்சாலை ஒன்றிருந்தது. கண்ணாடிக் குகைக்குள் நின்றால் சுறா நம் தலைக்கு மேலே நீந்திப் போகும். பெரியவர்களுக்கு எட்டு யூரோ, சிறுவர்களுக்கு ஐந்து. ஐந்து பேருக்கும் முப்பத்து நான்கு. அப்படியானால் இரவுச் சாப்பாட்டுக்கு ஐம்பத்தாறு. அதற்கு மேல் ஒரு சதம் போனாலும் காலையில் சுறா இல்லை. இதை நான் எல்லோருக்கும் இரண்டு தடவை விளக்கினேன்.

ஆறரை மணிக்குப் பசியோடு உணவகம் தேடினோம். போன இடமெல்லாம் நாற்காலிகள் மேசைக்கு மேலே கவிழ்ந்திருந்தன. ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள்.

“ஒன்பது மணிக்கு மனிசர் படுக்கிறதோ, சாப்பிடுறதோ?” என்று அம்மா கேட்டார்.

மாமாதான் ஒரு மதுச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீண்ட மேடை முழுக்கத் தட்டுகள். வெட்டிய பாண் ரொட்டித் துண்டுகளின்மேல் மீன், இறால், முட்டை, மிளகாய். உருட்டிப் பொரித்த கட்லெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பற்குச்சி குத்தியிருந்தது. கேட்க வேண்டியதில்லை, வேண்டியதை எடுத்து நின்றபடியே சாப்பிடலாம். குச்சியைத் தட்டிலேயே விட்டால், கடைசியில் குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். எதை எடுத்தாலும் இரண்டு யூரோ. யாரும் எழுதுவதில்லை, யாரும் பார்த்துக்கொண்டிருப்பதுமில்லை. இதையெல்லாம் மாமா தானே கண்டுபிடித்தது போல விளக்கினார்.

அம்மாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. “நிண்டுகொண்டு தின்ன நான் என்ன மாடோ? இஞ்சை என்ர வாயில ஒண்டும் படாது.” சொல்லிவிட்டுக் கைப்பையை அணைத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

அப்பாவோ நிலத்தைப் பார்த்து அதிர்ந்துபோனார். வாய் துடைத்த காகிதங்களைக் கீழே போடுவது அங்கே வழக்கமாம். நிலம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அப்பா குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

“அத்தான், இண்டைக்கு உங்களுக்கு லீவு” என்றார் மாமா.

நான் சாப்பிட்டதைவிட எண்ணியதுதான் அதிகம். தட்டைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தேன். மாமா எட்டு, அப்பா ஏழு, நான் ஐந்து, தங்கை மூன்று. இருபத்து மூன்று. நாற்பத்தாறு யூரோ. குடித்ததற்குப் பத்து. ஐம்பத்தாறு. தங்கையின் கை நான்காவது இறாலை நோக்கிப் போனபோது அதைப் பிடித்துக்கொண்டு, போதும் என்று அறிவித்தேன். அதற்குள் கூட்டம் நிறைந்து, அம்மா கதவோரத்திலிருந்து நகர்ந்து அப்பாவின் அகலமான முதுகுக்குப் பின்னால் வந்திருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. அப்பாவால் ஊத்தைத் தட்டுகளுக்கு முன்னால் சும்மா நிற்க முடியாது. மாமாவும் நானும் குடித்ததற்கான கணக்கைப் பேசிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் எல்லோருடைய தட்டுகளையும் சேர்த்து, காகிதங்களையும் குச்சிகளையும் ஒரேயடியாக வழித்துக் குப்பைத்தொட்டிக்குள் தள்ளி, பெரியது அடியில் சின்னது மேலே என்று அடுக்கி, மேடையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பாரிசில் இதற்குப் பாராட்டுக் கிடைத்திருக்கும். மேடைக்குப் பின்னால் நின்றவர் வெறும் தட்டுகளைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். எல்லைக்கு அருகிலுள்ள ஊராகையால் அவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. எத்தனை என்று கேட்டார்.

“பதினைஞ்சு எண்டு சொல்லுங்கோ அத்தான். ஆர் எண்ணினது?” என்றார் மாமா.

“நான் எண்ணினனான். இருபத்திமூண்டு” என்றேன்.

“கிழவர் கொஞ்சம் வாயை மூடும்.”

அப்பா என்னைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேடைக்காரரிடம் தெளிவான பிரெஞ்சில் இருபத்தேழு என்றார்.

“அப்பா, இருபத்திமூண்டு.”

“இருபத்தேழு.”

மேடைக்காரர் அப்பா சொன்ன கணக்கை அப்படியே நம்பினார். அறுபத்து நான்கு யூரோ. எழுபது கொடுத்தோம், ஒரு சின்னத் தட்டில் ஆறு திரும்பி வந்தது. இருந்த இருபதோடு சேர்த்து இருபத்தாறு. நான் தெருவிலேயே அழுதேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா என் பக்கம் நின்றார். கோப்பை கழுவுகிற மனிதரிடம் கணக்கைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார். மரக்கறிக்கடைச் சீட்டில் பத்துச் சதம் கூடியிருந்தாலும் திரும்பிப் போய் நியாயம் கேட்கிற அம்மா, எட்டு யூரோ வீணானதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கையின் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தார். பின்னல் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை நுழைவுச்சீட்டு விற்ற பெண்ணிடம் மாமா காலுறைக்குள்ளிருந்து இருநூறை எடுத்து நீட்டினார். அவள் அதை நுனியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, வங்கியும் இல்லை. எட்டு யூரோ குறைந்தது. சரியாக ஒரு பெரிய ஆளின் சீட்டு.

“நீங்கள் போங்கோ. நான் வெட்டின மீன் நிறையப் பார்த்திட்டன்” என்று சொல்லி அம்மா கடலோர மதிலில் ஏறி உட்கார்ந்தார்.

கண்ணாடிக் குகைக்குள் சுறாக்களை எண்ணி முடித்த பிறகு அப்பாவிடம், “உங்களாலதான் அம்மா வெளியில இருக்கிறா” என்றேன்.

“ஓமடா, என்னாலதான்” என்று சிரித்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் ரூ காயில் சாமான் வாங்கிவிட்டு, அப்பாவும் அம்மாவும் நானும் ஒரு சாப்பாட்டுக்கடை மேடையில் சாய்ந்து நின்று கட்லெட் சாப்பிட்டோம். இடமில்லாததால் அம்மாவும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார். ஒரு கடி கடித்துவிட்டு, “இது சரியில்லை. அங்கையெண்டால் உள்ளுக்குப் பாலில கிண்டின களி மாதிரி இருந்தது. வாயில வைக்கக் கரையும்” என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

“ஸ்பெயினிலைதான்.”

அம்மா அங்கே ஒன்றும் சாப்பிடவில்லையே என்றேன். அம்மா மெல்லுவதை நிறுத்தினார். அப்பா காகிதம் ஒன்றை எடுத்து, துப்புரவாக இருந்த மேடையை மும்முரமாகத் துடைக்கத் தொடங்கினார்.

“எத்தினை?”

அம்மா கடைக்காரருக்குத் தெரியாமல் பையோரமாக நான்கு விரல்களைக் காட்டினார். பிறகு, “நீ மற்ற ஆக்களின்ர கையைப் பாக்கேக்கை, கொப்பாதான் பின்னாலை பின்னாலை நீட்டினவர்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மீன்காட்சிச்சாலையை விட்டு வெளியே வந்தபோது, அம்மா மதில்மேல் கால்களை ஆட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் ஏறி உட்கார்ந்து, அவர் பார்க்காமல் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுறா ஆறு, திருக்கை ஒன்பது, ஆமை இரண்டு.

“வடிவா எண்ணினனியோ?” என்று அம்மா கேட்டார்.

நான் எண்ணினால் பிழை வராது என்றேன். அம்மா தலையாட்டினார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. கடற்காற்று குளிர்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.