கொட்டகைக் கதையில் வந்த அத்தை மகன்

வேலாயுதத்துக்குப் பகலில் ரயில்வே சாமான் கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. அந்தி சாய்ந்தால் பிரிக்பீல்ட்ஸில் வாயாங் என்கிற படக்கொட்டகையில் வாய் வேலை. அது பேசாத படங்களின் காலம். வெள்ளைத் துணியில் துரைகளும் துரைசாணிகளும் வாயை வாயை அசைப்பார்கள். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்து நிற்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொட்டகையில் எத்தனை பேர் தேறுவார்கள்? அதனால் துணிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் வேலாயுதம் ஏறி நிற்பார். யார் என்ன பேசுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள், அடுத்து யாருக்கு உதை விழப்போகிறது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். என்ன குரல் அந்த மனுஷனுக்கு! தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாடு கறக்கிறவன்கூடக் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் கறப்பானாம்.

பெண்டாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் இராஜம்மா. கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ரயில்வே லயத்தில் அவளைத் தூக்கி வளர்த்து, சமைத்துப் போட்டு, தலை பின்னிவிட்டதெல்லாம் இவர்தான். அவளுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். அரிசிக்கடைக்காரர் மகன், பெயர் கன்னையா. வாய்வார்த்தையாகப் பேசி முடித்தாகிவிட்டது. தை பிறந்தால் தாம்பூலம் மாற்றவேண்டியதுதான் பாக்கி.

இந்தச் சமயம் பார்த்துத்தானா அந்தப் படம் வரவேண்டும்? இருபத்தாறாம் வருஷமோ, இருபத்தேழோ. படத்தின் பெயர் இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. அதில் சாமி இல்லை, சண்டை இல்லை, ரயில்கூடக் கவிழவில்லை. ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பட்டணத்தின் ஓரத்தில் வரிசையாக வீடுகள், முன்னால் புல், இடுப்பளவு வேலி. ஒரு வீட்டில் ஒரு பெண். அவளை ஒரு பேங்குக்காரனுக்குக் கொடுப்பதாக அப்பன் நிச்சயம் செய்துவிட்டான். அவளோ பக்கத்து வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பையன்மேல் உயிரை வைத்திருக்கிறாள். ஏணி சரிகிறது, நாய் துரத்துகிறது, கல்யாணப் பலகாரம் பேங்குக்காரன் தலையில் கவிழ்கிறது. கடைசியில் கல்யாண உடுப்போடு அவள் வேலியைத் தாண்டி அந்தப் பையனிடம் ஓடிவிடுகிறாள். சிரிப்புப் படம்தான்.

முதல் நாள் வேலாயுதம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வேலி தாண்டுகிற இடத்தில் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது. “பெத்தவன் பாத்த எடம் நல்ல எடம்தான்யா. ஆனா குடித்தனம் பண்ணப்போறது அவளாச்சே! அவ மனசை யாரு கேட்டா? தாண்டு தாயி, தாண்டு!” என்று கத்திவிட்டார். இங்கிலீஷ் எழுத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது? இவராகக் கைச்சரக்கைப் போட்டதுதான். அவள் பையன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கப் போனபோது, கொட்டகை முதலாளி அப்துல் கனி படம் காட்டுகிற விளக்குக்கு முன்னால் கையை வைத்து மறைத்தார். அது அவருடைய வழக்கம்.

வெளியே வந்த கூட்டம் போட்ட சத்தம் இருக்கிறதே! “தூ! இதெல்லாம் ஒரு படமா?” என்றார் தண்டவாளக் கூட்டத்துக்குக் கங்காணியான நாகையா. அவர் சொன்னால் லயமே சொன்ன மாதிரி. பெண்கள் பக்கத்திலிருந்து மாரியாயி, “எம் வவுத்துல பொறந்திருந்தா கழுத்தைத் திருகிப் போட்டிருப்பேன்” என்றாள். “அவளைச் சொல்லி என்ன? வளத்தானே அப்பன், அவனைச் சொல்லணும்” என்றது இன்னொரு குரல். அந்தக் கடைசிப் பேச்சு வேலாயுதத்துக்குச் சுருக்கென்றது. அப்துல் கனி அவர் தோளைத் தொட்டு, “கிராணியாரே, நாளைக்கும் இதே கதைன்னா துணியைக் கிழிச்சிருவாங்க. ஏதாச்சும் பாத்துச் சொல்லும்” என்றார்.

மறுநாள் காலையில் இராஜம்மா கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அப்பா, நேத்து அந்தப் பொண்ணு தாண்டினது தப்பில்லன்னு சொன்னீங்களே. கதைக்குச் சொன்னீங்களா, மனசாரச் சொன்னீங்களா?”

“ஏம்மா கேக்குற?”

“எனக்கும் கிள்ளான் வேணாம்பா.”

அடுத்த லயத்தில் இருக்கிற ராதாகிருஷ்ணனைச் சொன்னாள். சிக்னல் விளக்குப் பார்க்கிற பையன். தங்கமான பையன் என்று வேலாயுதத்துக்கே தெரியும். அவன் என்ன சாதி என்று லயத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலேயே எல்லோருக்கும் தெரியும், அவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

வேலாயுதம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “சாயங்காலம் படம் முடியட்டும்மா, சொல்றேன்” என்றார். “சரிப்பா. நான் இன்னிக்கும் வரேன்” என்றாள் அவள். முகம் அப்படி மலர்ந்துபோயிருந்தது.

அன்று முழுக்கக் கிடங்கில் ஆணி கேட்டவனுக்குத் திருகாணியை எடுத்துக் கொடுத்தார். மகள் மனசு ஒரு பக்கம் இழுத்தது. நாகையா, மாரியாயி, பெயர் தெரியாத அந்த இன்னொரு குரல், எல்லாம் மறுபக்கம் இழுத்தன. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையே அந்தக் கிழி கிழித்தவர்கள் இராஜம்மாவை விட்டுவைப்பார்களா? ஆனாலும் சொல்லுகிறேன், கிடங்கிலிருந்து கிளம்பும்போது அவர் மனசு மகள் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

கொட்டகையில் எள் போட்டால் எள் விழாது. திட்டுவதற்கென்றே ஆள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். “யோவ் கிராணி, இன்னிக்காச்சும் அந்தக் குட்டிக்குப் புத்தி வருமா வராதா?” என்று நாகையா முன்வரிசையிலிருந்து அதட்டினார். கூட்டம் சிரித்தது. வேலாயுதம் முக்காலியில் ஏறினார். பெண்கள் பக்கம் பார்த்தார். இராஜம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலியருகில் அந்தப் பையன் முதன்முதலாக வந்து நின்றான். வேலாயுதம் வாயைத் திறந்தார். நாக்கு புரண்டுவிட்டது.

“இவன் யாருன்னு நெனைச்சீங்க? பக்கத்து வீட்டுக்காரன்னு நேத்துத் தப்பாச் சொல்லிட்டேன். எழுத்தை இப்பத்தான் சரியாப் படிச்சேன். பொண்ணோட சொந்த அத்தை மகன்யா! முறைப்பையன் கண்ணு முன்னால நிக்கிறப்ப அசலானுக்கு நிச்சயம் பண்ணினானே அப்பன், அவன் செஞ்சதுதான் தப்பு!”

நாகையா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “அடி சக்கை! அப்படிச் சொல்லுய்யா! முறைப்பொண்ணை விட்டுக் குடுப்பானா?” அதற்கப்புறம் பார்க்கவேண்டுமே! பலகாரம் கவிழ்ந்தபோது கை தட்டினார்கள். வேலி தாண்டியபோது மாரியாயி குலவை போட்டாள். அப்துல் கனி கையை விளக்குக்கு முன்னால் கொண்டுபோனதும், “கையை எடு பாய்! அத்தை மவன்தானே, கட்டிக்கட்டும்!” என்று நாலு பக்கமும் கத்தினார்கள். அவர் எடுத்துவிட்டார். “குடும்பத்தோட பாக்கவேண்டிய படம்” என்று பெயராகி, காப்பாரிலிருந்தும் செமினியிலிருந்தும்கூட ஆள் வந்து பார்த்தது.

தான் கேட்டதற்குப் பதில் முக்காலியிலிருந்தே வந்துவிட்டதென்று, இராஜம்மா அன்றைக்குப் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் கோப்பியை வைத்துவிட்டு, “கிள்ளானுக்குச் சொல்லி அனுப்பிடுங்கப்பா” என்றாள். ஏன் என்று வேலாயுதம் கேட்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கே அந்த மனுஷனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாமா என்று வருகிறது.

தையில் கல்யாணம் நடந்தது. கன்னையா கெட்டவன் இல்லை. அடிக்கமாட்டான், ஏசமாட்டான், அவளோடு உட்கார்ந்து பேசவும் மாட்டான். கடை, கல்லா, சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். ராதாகிருஷ்ணன் மாற்றல் கேட்டு வடக்கே போனான், திரும்பி வரவில்லை.

சில வருஷத்தில் படங்களே பேச ஆரம்பித்துவிட்டன. முக்காலிக்காரர் எதற்கு? வேலாயுதம் கிடங்கு வேலையும் முடிந்து, மகள் வீட்டோடு கிள்ளானுக்கு வந்தார். கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மகள் சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. அது ஏன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பேசமாட்டார்.

ஒருநாள் நாகையா கிள்ளான் பாசாருக்கு வந்தவர் அரிசி வாங்கக் கடைக்குள் நுழைந்தார். வேலாயுதத்தைக் கண்டதும் ஒரே குதூகலம். “இப்ப வர்ற பேசும் படமெல்லாம் என்ன படம் கிராணி! நீ சொன்னியே, அந்த வெள்ளைக்காரன் படம், அத்தை மவன் வேலிகிட்ட வந்து நிப்பானே, அதுதான்யா படம்! ஏ இராஜம்மா, நீயும் பாத்தியில்ல?”

இராஜம்மா அரிசியை அளந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

“ரெண்டு நாளும் பாத்தேன் மாமா. அந்தப் பொண்ணு குடுத்து வெச்சவ. வெள்ளைக்காரிக்கு எங்கப்பா ஒரே நாள்ல ஒரு அத்தையை உண்டாக்கிக் குடுத்தாரு. எனக்கு உண்டாக்கித் தரத்தான் அவருக்கு வாய் வரல.”

நாகையா எதுவும் விளங்காமல் சிரித்தார். வேலாயுதம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த பெஞ்சிலேயே, கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதார். இராஜம்மா அடுத்த படி அரிசியை அளந்து போட்டாள்.