ஒரு மீற்றர், இரண்டு வீடு

எங்கள் வளவில் வீடு இரண்டு, மின்சார மீற்றர் ஒன்று. பழைய வீடு சீதனமாக எனக்கு வந்தது. தங்கை பின்வளவில் புதிதாகக் கட்டிக்கொண்டாள். புது இணைப்பு எடுக்க அவள் கையில் காசில்லாத காலம் அது. என் வீட்டுச் சுவரிலிருந்து முருங்கை மரத்தைத் தாண்டி ஒரு வயர் இழுத்தோம். பில் என் வீட்டுக்கு வரும். வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, அவள் வீட்டு மேசையில் இருந்து பங்கு பிரிப்போம்.

சும்மா பாதி பாதியாகப் பிரிக்க நான் விடமாட்டேன். ஒவ்வொரு சாமானின் பின்புறத்திலும் எத்தனை வற்ஸ் என்று ஒட்டியிருக்கும். அதை ஒரு நாளில் ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் யூனிற். பிறகு மாதத்துக்குப் பெருக்க வேண்டும். என் வீட்டில் தையல் மெஷினும் அயன்பெட்டியும். மெஷின் பாவம், கொஞ்சம்தான் குடிக்கும். அயன்பெட்டிதான் கள்ளன். தங்கை வீட்டில் பெரிய ஃபிறீசர். அவள் கணவர் கடலுக்குக் கொண்டுபோகச் சோடாப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி அதற்குள் உறைய வைப்பாள். மீன் பெட்டிக்குள் ஐஸுக்குப் பதில் அந்தப் போத்தல்கள்தான் போகும்.

ஃபிறீசரில் ஒட்டியிருந்ததை நான் முழு நாளுக்கும் பெருக்கினேன். இரண்டு வீட்டுக்கும் வந்த மொத்த பில்லைவிடக் கூட வந்தது.

"அக்கா, அது நிண்டு நிண்டுதான் ஓடும்" என்று தங்கை சிரித்தாள்.

அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீற்றருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, அவளுடைய ஃபிறீசர் மீற்றருக்குள் இருக்கும் தட்டை எத்தனை தரம் சுற்ற வைக்கிறது என்று எண்ணினேன். பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எனக்குப் பொறாமை. அதை மறைத்து என்ன செய்ய? ஆனால் அது ஃபிறீசரைப் பார்த்து வந்ததில்லை. அம்மாவால் வந்தது. என்னோடு இருந்த அம்மா விழுந்து இடுப்பு நொந்த பிறகு, அங்கே கழிவறை அறையோடு சேர்ந்திருக்கிறதென்று தலையணையைத் தூக்கிக்கொண்டு தங்கையிடம் போய்விட்டார். "அங்க வசதி பிள்ளை" என்றார். கூப்பிடு தூரம்கூட இல்லைத்தான். ஆனாலும் நான் குழம்பு கொண்டுபோனால் "வை, பின்னேரம் சாப்பிடுறன்" என்பார். பின்னேரம் அதைத் தங்கையின் பூனை சாப்பிடும். தங்கை வைக்கும் சொதியை மட்டும் கோப்பையை வழித்துச் சாப்பிடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிறு கணக்கு அம்மாவின் அறை மின்விசிறிக்கு வந்து நின்றது.

"அது என்ர பக்கம், அக்கா" என்றாள் தங்கை.

"ஏன், அவ எனக்கு அம்மா இல்லையோ? ஃபானை என்ர கணக்கில போடு."

"என்ர வீட்டில ஓடுற ஃபான்."

"என்ர மீற்றரில சுத்துற ஃபான்!"

என் அயன்பெட்டி குடிப்பதற்குப் பக்கத்தில் அந்த மின்விசிறி குடிப்பது ஒரு மிடறு. இருவருக்கும் அது தெரியும். அந்த ஒரு மிடறுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். அறைக் கதவு திறந்தே கிடந்தது. அம்மா மின்விசிறியைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார்.

கடைசியில் தங்கை எழும்பினாள். "நான் தனி மீற்றர் எடுக்கிறன். உங்களோட கணக்குப் பாக்க ஏலாது."

சொன்னபடியே எடுத்தாள். முருங்கை மரத்தடியில் என் வயரை அறுத்துச் சுருட்டித் தந்தார்கள். யூனிற் கூடக்கூட ஒரு யூனிற்றின் விலையும் ஏறும் என்பதால், ஒரே மீற்றரில் இரண்டு வீடும் சேர்ந்து இத்தனை நாளும் மேல் விலையில் கட்டியிருக்கிறோம். பிரிந்ததும் என் பில் நன்றாக விழுந்தது. "பில் குறைஞ்சதுக்கு ஏன் மூஞ்சியை நீட்டுறாய்?" என்று கேட்டார் கணவர். அவருக்கு என்ன தெரியும்? நான் முருங்கை மரத்தடியில் நின்று தங்கையின் பில்லை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் ஒரு கூட்டல், குசினி விளக்கு எரிந்தால் இன்னொரு கூட்டல். கடைசியில் அம்மாவின் மின்விசிறி. அந்தக் காற்று முழுக்க அவள் பேரில் போனது. என் பில்லில் அம்மாவுக்கென்று ஒரு சதம்கூட இல்லை.

பொறுக்க முடியாமல் ரவுண் கடையொன்றில் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கினேன். தங்கை கருவாடு காயப்போடக் கடற்கரைக்குப் போன ஒரு மத்தியானம், என் வீட்டுப் பிளக்கிலிருந்து வயரை இழுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் நுழைந்தேன். அம்மா கட்டிலில் கிடந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். தங்கை கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாள்.

"இந்தச் சித்திரை வெக்கையில கரண்ட் காசு மிச்சம் பிடிக்கிறாளோ?" என்றேன்.

"அவள் போட்டுவிட்டுத்தான் போறவள். நான்தான் நிப்பாட்டுறனான்."

"ஏனம்மா?"

அம்மா என் கையிலிருந்த வயரைப் பார்த்தார்.

"அது ஆருடைய கணக்கெண்டு நீங்கள் ரெண்டு பேரும் இன்னும் முடிவு சொல்லேல்லையே, பிள்ளை. அண்டைக்குப் பிறகு நான் போடுறேல்லை."

வயரைக் கீழே போட்டேன். சுவரிலிருந்த சுவிச்சை அழுத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அது தங்கையின் மீற்றரில்தான் ஓடியது. அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தபடியே, அம்மா நித்திரையாகும்வரை அந்தக் காற்றுக்குக் கீழே இருந்தேன்.