நத்தைத் தொட்டியும் ஓர் ‘ஓமும்’

“கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. செடிகளுக்கு முன்னால் இருந்து முனகுகிறாள்.” ஓர் அக்டோபர் மாதத்துக் குறிப்பு, என் மகள் ஆரணியின் கிண்டர்கார்டன் ஆசிரியை எழுதியது. மகள் இப்போது ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள் என்று நேற்றுப் பழைய கோப்புகளை ஒதுக்கியபோது கையில் வந்தது. தாளில் இன்னும் ஈரப்பாசி மணக்கிறது என்றேன். மனைவி முகர்ந்து பார்த்தாள். “உங்கட மூக்கிலதான் பாசி பிடிச்சுக் கிடக்கு.”

அது ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் மழை ஓயாத ஓர் இலையுதிர்காலத்தின் மணம். வகுப்பறை யன்னலோரத்தில் ஓர் அடுக்கு: பாசி படிந்த மரக்கட்டை, கூழாங்கற்கள், தொட்டிச் செடிகள், கண்ணாடிப் பெட்டியில் நத்தைகள். வீட்டில் சோற்றுக் கோப்பையோடு நாங்கள் துரத்துகிற பிள்ளை, அங்கே ஒரு நத்தை கண்ணாடியில் ஏறி முடியும்வரை அசையமாட்டாள். ஆனால் அடுத்த கோடையில் பள்ளிக்கூடம். கவனம் போதாதென்றால் ஒரு வருடம் பிந்தும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலை போய் அவர் பக்கத்தில் நின்றேன். “ஆரணி!” என்று கூப்பிட்டார். மகள் நத்தையிலிருந்து கண்ணெடுக்காமல், “ஓம்” என்றாள்.

“பார்த்தீர்களா? தியானம் வீட்டில் பழக்குகிறீர்களா?” என்று ஆசிரியை ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார்.

யாழ்ப்பாணத்தாருக்கு ‘ஓம்’ என்றால் ‘ஆம்’, ஜெர்மனில் ‘யா’; பிள்ளை பதில்தான் சொல்கிறாள் என்று விளக்கினேன். அவர் முகம் சிவந்து சிரித்தார். வீட்டில் மனைவி, “நல்லகாலம், காவி உடுப்பு வாங்கச் சொல்லேல்லை” என்றாள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்தக் குளிர்காலம் வகுப்பறைச் சுவரில் பூஞ்சணம் கண்டார்கள். அடுக்கு போய், கடும் நிறப் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஆரணி அறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். வசந்தத்தில், பள்ளிக்கு முந்திய பரிசோதனைக்குப் போன வெள்ளை அறையில், கோடு போடச் சொன்ன தாளை விட்டு எழும்பி எழும்பிப் போனாள்.

“இரும்மா.”

“ஏலாது அப்பா. இஞ்ச பாக்க ஒண்டுமில்லை.”

ஒரு வருடம் பிந்தட்டும் என்றார் மருத்துவர். ஆகஸ்டில் அவளுடைய கூட்டாளிகள் இங்கே பள்ளி முதல்நாளுக்குக் கொடுக்கிற, இனிப்பு நிறைந்த பெரிய காகிதக் கூம்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை வீட்டு யன்னலால் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் அசையவேயில்லை.

அறைக்குள் பச்சை இருந்தால் சின்னப்பிள்ளைகளின் கவனம் நிற்கும் என்று பிறகு எவ்வளவோ வாசித்தேன். எதற்கும் திகதி குறிக்கிற நான் அடுக்கை எடுத்த நாளை மட்டும் குறிக்கவில்லை. கேட்கலாமென்றால் ஆசிரியை ஊர் மாறிவிட்டார். கட்டடத்தை இடித்து, அங்கே கார் நிறுத்துகிறார்கள். அவள் ஓடத் தொடங்கியது அடுக்குப் போனபிறகா, அதற்கு முன்பேயா? சரிபார்க்கப்படவில்லை.