தாளுக்கு அடியிலிருந்து

நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது ஜெர்லினுக்கு நடந்தது. இன்றும் திண்டிவனத்தில்தான் இருக்கிறாள், போய்க் கேட்டால் சொல்வாள். இருட்டு, நள்ளிரவு எதுவும் இல்லை. பட்டப்பகலில் நடந்தது.

2013, மே மாதம். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஜெர்லினும் அவளோடு கல்லூரியில் படித்த இளவரசியும் அதில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது சோற்றுக்கு. ஜெர்லினின் பைத்தியம் வேறு. தாளில், பென்சிலால், ஒவ்வொரு அசைவாக வரைந்து ஓட விட வேண்டும். ஒரு ஆள் நடக்கிறான் என்றால் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் முதலில் போடுவாள். நடுவில் வருவதை அப்புறம் நிரப்புவாள். அடியில் இருக்கும் தாள் தெரிய விளக்குப் பெட்டி வேண்டும். விழுப்புரத்தில் ராயப்பனின் காயலான் கடையில், எக்ஸ்ரே பார்க்கிற பழைய பெட்டி ஒன்று கிடைத்தது.

முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாகப் போகும் ஒரு மனிதன். அதைத்தான் வரைய ஆரம்பித்தாள். முதல் படம் போட்டாள். கடைசிப் படம் போட்டாள். இருவரும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்... நடுப்படங்கள் தயாராக இருந்தன.

"நீ போட்டியாடி?"

"நான் இன்னாத்துக்கு உன் படத்துல கை வெக்கப் போறேன்?"

ஜெர்லின் தாளைத் தடவினாள். பென்சில் அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். இதில் கோடெல்லாம் மேடாக இருந்தது. அடியிலிருந்து அழுத்தி வரைந்த மாதிரி.

இளவரசி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஓட விட்டாள்.

அந்த மனிதன் போகவில்லை. நின்றான். திரும்பினான். முகத்தில் அப்படி ஒரு வெறுப்பு. வாய் அசைந்தது. மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான்.

வாயசைவு வரைவது ஜெர்லினுக்குப் பழக்கம். எந்த எழுத்துக்கு உதடு எப்படிப் போகும் என்று தெரியும். திரும்ப ஓட விட்டாள். வாய் திறந்தது... பல் கீழுதட்டைத் தொட்டது... உதடுகள் ஒட்டின... குவிந்தன.

"கதவ... மூடு," என்று படித்தாள்.

டமார்!

அவர்கள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. க்ளக்.

அதே நேரம் கரண்ட்டும் போனது. அந்தக் கோடையில் மதியம் கரண்ட் போகாத நாளே இல்லை. ஃபேன் நின்றது. யூ.பி.எஸ். கத்தியது. பீப்... பீப்... அதுவும் அடங்கி, ஸ்கிரீன் அணைந்தது.

விளக்குப் பெட்டி மட்டும் எரிந்தது.

"பிளக்கப் புடுங்குடி... ஜல்தி!"

ஜெர்லின் பிடுங்கினாள்.

எரிந்தது.

சர்ர்... சர்ர்...

பெட்டிமேல் இருந்த வெற்றுத் தாளில் கோடு ஏறியது. கண்ணாடிக்கு அடியில் ஒரு கையின் நிழல்.

இரண்டு பெண்கள். குனிந்து நிற்கிறார்கள். பின்னாலிருந்து பார்த்த மாதிரி. ஒருத்தியின் சுடிதாரில், தோள்பட்டையில் தையல் பிரிந்திருந்தது.

ஜெர்லின் இளவரசியின் தோளைப் பார்த்தாள்.

பிரிந்திருந்தது. அதுவரை இருவருக்குமே தெரியாது.

அப்படியானால்... பின்னால்...

திரும்பவில்லை. கத்தினார்கள்.

கீழே கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்த மணிமாறன் ஓடி வந்து தாழ்ப்பாளை நீக்கினார். மாடிப்படி அவர் கண்ணெதிரே இருக்கிறது. யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை.

"யாரும்மா வெளியில தாப்பா போட்டது?" என்று அவர்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் காலையிலேயே பெட்டியை ராயப்பன் கடையில் கொண்டுபோய் வைத்தாள் ஜெர்லின். அவர் அதைத் தொடவில்லை.

"இங்க காணை ஊருப் பக்கத்துல ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட்டு வெச்சிக்கினு இருந்த பெட்டிம்மா இது. 2004ல ரூமுக்குள்ள செத்துக் கெடந்தாரு. கதவு வெளிப்பக்கம் தாப்பா. போலீசு ரெண்டு பொண்ணுங்களத் தேடிக்கினே இருந்துச்சு."

"எந்தப் பொண்ணுங்க?"

"யாருக்குத் தெரியும்? அவரு கடைசியா வரைஞ்ச படத்துல இருந்தாங்களாம். மூஞ்சி தெரியல, வெறும் முதுகு. ஒருத்திக்கு மட்டும் தோள்பட்டையில தையல் பிரிஞ்சிருந்துச்சாம்."

2004இல் ஜெர்லினும் இளவரசியும் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்கள்.