மூன்றரை கிலோ சந்தேகம்

என் கணவர் பத்ரியை ஒரு இடத்தில் உட்கார வைக்க அவருடைய அம்மாவாலும் முடியவில்லை, முப்பத்தாறு வருஷமாக என்னாலும் முடியவில்லை. இந்த மராத்தி ஊரில், கட்கிப் பகுதியில் ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். ஃபைலை நின்றுகொண்டே படிப்பாராம். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குள் மூன்று தடவை எழுந்து வெளியே போய்வருவார், பக்கத்து சீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்குவது நான். அப்படிப்பட்ட மனிதரை வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியைக் குத்திக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டது இந்தச் சிறுநீரக வியாதி. செவ்வாய், வியாழன், சனி. கராடியில் எங்கள் குடியிருப்பிலிருந்து டயாலிசிஸ் மையம் ரிக்‌ஷாவில் பத்து நிமிஷம்.

போனதும் முதல் வேலை எடை பார்ப்பது. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் அப்படியே தங்கிவிடும். அந்தத் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை இவருக்கு ஐம்பத்தெட்டு கிலோ என்று டாக்டர் எழுதி வைத்திருந்தார். அதற்கு மேல் தராசு எவ்வளவு காட்டுகிறதோ, அவ்வளவும் தண்ணீர் என்று கணக்கு. அவ்வளவையும் இயந்திரம் உறிஞ்ச வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் கூடியிருக்கும். தீபாவளிக்குப் பிறகு ஏற ஆரம்பித்தது. இரண்டானது, இரண்டரையானது, மார்ச் மாசம் மூன்றரையில் வந்து நின்றது.

மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். ரத்த அழுத்தம் சரிந்து கண் சொருகும். நர்ஸ் ஸ்நேஹா ஓடிவந்து, உறிஞ்சுவதை நிறுத்தி, எடுத்ததில் கொஞ்சத்தை உப்புநீராகத் திரும்ப ஏற்றுவாள். ஒரு சனிக்கிழமை பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். டாக்டர் சுப்ரஜா கோயம்புத்தூர்ப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இன்னும் எத்தனை தடவை இதை அவர் இதயம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க. எங்கயோ தண்ணி உள்ளே போகுது. பாத்துக்குங்க" என்றாள்.

பாத்துக்குங்க என்று என்னிடம் சொன்னால் போதும். நான் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஹாலில் நடந்தவள். துண்டுச் சீட்டு எந்த மடிப்பில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்தேன். காபி, ரசம், மோர் எல்லாம் அதிலேயே கழியும். தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் இருந்த அலமாரிக்குப் பூட்டு போட்டேன். அவர் பல் தேய்க்கும்போது குளியலறை வாசலில் நின்று கொப்புளிக்கிற சத்தத்தை எண்ணினேன். சிரிக்காதீர்கள், எண்ணினேன். ஒரு நாள் மத்தியானம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். உதடு வெடித்திருந்தது.

"பட்டு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிண்டுடுத்து. ஒரு ஸ்பூன் குடேன்."

"நாலு மணிக்குத்தான்."

"ஒரே ஒரு ஸ்பூன்டி."

"நீங்க திருட்டுத்தனமாக் குடிக்கறதைச் சொல்லுங்கோ, தரேன்."

"சத்தியமாக் குடிக்கலை."

"அப்போ மூணரை கிலோ எங்கேர்ந்து வந்தது? காத்துலேர்ந்தா?"

கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தார். சாயங்காலம் வழக்கம்போல முக்கால் மணி நேரம் வாக்கிங் போனார். அங்கேதான் எங்கேயோ குடிக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. திரும்பி வந்ததும் சட்டைப் பையைத் தடவினேன், கைக்குட்டை ஈரமா என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் என் கோபம் இன்னும் ஏறியது.

ஏப்ரலில் மையத்துக்குப் புதிதாக ஒரு பெல்ட் வந்தது. எஞ்சினியர்கள் சிலர் செய்து, சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். காலில் கட்டினால் தோலுக்குள் சின்ன வெளிச்சத்தை அனுப்பும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கேற்ப வெளிச்சம் குறைந்து திரும்பும். ஊசி கிடையாது, வலி கிடையாது. கையெழுத்துப் போட்டால் கட்டலாம். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குற்றவாளியைப் பிடிக்க ஒரு மெஷினே வந்துவிட்டதே!

இவர் மாட்டேன் என்றார். செவ்வாய்க்கிழமை கால் அரிக்கிறது என்றார். வியாழக்கிழமை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். சனிக்கிழமை நான் பேனாவை அவர் விரலில் செருகி, "போடுங்கோ கையெழுத்தை" என்றேன். போட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத் தராசு அறுபத்தொன்றரை காட்டியது. அதே மூன்றரை கிலோ. ஸ்நேஹா பெல்ட்டைக் கட்டிவிட்டு, அதன் அளவைக் காட்டும் டேப்லெட் திரையைப் பார்த்தாள். கழற்றி, இன்னொரு காலில் கட்டினாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, இதை மட்டும் நம்ப முடியாது என்று நெஞ்சை ஸ்கேன் செய்தாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள், கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒரு லிட்டர்தாங்க அதிகம் இருக்கு" என்றாள் டாக்டர்.

"அப்போ மிச்சம் ரெண்டரை கிலோ?"

"அது தண்ணி இல்லைங்க, சதை. உங்க வீட்டுக்காரர் உடம்பு தேறியிருக்கார். ஐம்பத்தெட்டுங்கிறது பழைய கணக்கு. இல்லாத தண்ணியை இத்தனை நாளா எடுக்கப் பாத்திருக்கோம். நானும் முன்னாடியே சந்தேகப்பட்டிருக்கணும். சாப்பாடு ஏதாவது கூடியிருக்கான்னு உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேனே?"

கேட்டாள். இரண்டு தடவையும் நான்தான் பதில் சொன்னேன். அதே பருப்பு, அதே பனீர், ஒரு பிடி கூடக் கூடவில்லை என்று. புரதச் சத்துக்கு முட்டை கொடுங்கள் என்று முதல் மாசமே அவள் சொன்னபோது, எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் நான்தான்.

டாக்டர் அவரிடம் குனிந்தாள். "சார், வெளியே என்ன சாப்பிடறீங்க?"

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "முட்டை" என்றார். "தினமும் மூணு. மெயின் ரோட்டு வண்டியில அவிச்சுத் தருவான். அக்டோபர்லேர்ந்து."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைப்பானேன்? ஆறு மாசமாக முட்டை தின்ற வாயோடு என் பூஜை அறையில் நின்று விளக்கேற்றியிருக்கிறார். அடுத்த நிமிஷம் அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. கண் சொருகிக் கிடந்த முகம் ஞாபகம் வந்தது.

"உசுரு போற மாதிரி தண்ணியை இழுத்தாளே, அப்பக்கூடச் சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

"தண்ணின்னா நீ திட்டுவே, அவ்வளவுதான். முட்டைன்னா என்னோட உக்காந்து சாப்பிட மாட்டே."

அவர் சொன்னது உண்மை. அக்டோபரில் சொல்லியிருந்தால் அவர் தட்டைத் தனியாக வைத்திருப்பேன். இந்த மனிதருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது, செத்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்து அங்கேயே, ஸ்நேஹா பார்க்கப் பார்க்க அழுதேன்.

டாக்டர் ஐம்பத்தெட்டை அடித்து அறுபதரை என்று எழுதினாள். அன்றைக்கு ஒரே ஒரு லிட்டர்தான் எடுத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முறுக்கவில்லை. நாலு மணி நேரமும் முழுசாக ஓடி முடிந்தது.

"மூணு நாலு மாசமாவே அவருக்குத் தாகம் கொன்னிருக்கும்" என்றாள் டாக்டர், பேப்பரை மடித்துக்கொண்டே. "உடம்பைக் காயப்போட்டுட்டோம் இல்லையா?"

எனக்கு அந்த ஒரு ஸ்பூன் ஞாபகம் வந்தது.

ஊசியை எடுத்துக் கட்டுப்போட்டதும் ஸ்நேஹா, மாமி முறை வைத்து மராத்தியில் என்னைக் கூப்பிட்டு, ஹிந்தியில், "காகூ, இன்னைக்கு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கலாம்" என்றாள். நான் விளிம்பு வரைக்கும் ஊற்றி நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உதட்டருகே கொண்டுபோனவர் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"குடிக்கட்டுமா?" என்று கேட்டார்.